சட்டமா, வாக்குறுதியா: சுங்கை பூலோவும் செக் ஜாவாவும்

சிங்கப்பூரின் சுங்கை பூலோ சதுப்புநிலம் 2002இல் இயற்கைக் காப்பகமாக அரசிதழில் அறிவிக்கப்பட்டது. அங்கே அனுமதியின்றிச் செடியைப் பறிப்பதுகூடக் குற்றம் என்பதால், வடதுருவப் பக்கமிருந்து வலசை வரும் உள்ளான் பறவைகள் ஆண்டுதோறும் அதே சேற்றில் நிம்மதியாக இரை தேடுகின்றன.

புலாவ் உபின் தீவின் செக் ஜாவா கடலோரப் பகுதியைக் காப்பதோ ஒரு கொள்கை முடிவு மட்டுமே. கடலைத் தூர்த்து நிலமாக்கும் பணி நெருங்கியபோது, தன்னார்வலர்களும் ஆய்வாளர்களும் அங்குள்ள உயிரினங்களைப் பதிவுசெய்து முறையிட, 2001 டிசம்பரில் அரசு அத்திட்டத்தைத் தள்ளிவைத்தது, கைவிடவில்லை.

அவசர நேரத்தில் விரைந்து உதவியது கொள்கைதான் என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும், நீர் வற்றிய வேளையில் கடற்புல்லுக்கிடையே உள்ளங்கை அகல நட்சத்திர மீனைக் குனிந்து பார்த்தவள் என்ற முறையில், நிலத்தேவை கூடினால் மாறக்கூடிய வாக்குறுதியைவிட, செக் ஜாவாவுக்கும் சட்டப் பாதுகாப்பையே விரும்புகிறேன்.