சிங்கிள் ஸ்பீடுக்கு மாறிய மவுண்டன் பைக்கில் செயினை இறுக்க எது நல்லது?

என் பழைய மவுண்டன் பைக்கை சிங்கிள் ஸ்பீடாக, அதாவது ஒரே கியர் வண்டியாக, மாற்ற உட்கார்ந்தபோது ஷிஃப்டர், கேபிள், செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவவைக்கும் முன், பின் டீரெய்லர்கள் எல்லாவற்றையும் கழற்ற ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. செயினை எப்படி இறுக்கமாக வைப்பது என்ற ஒரே கேள்விக்கு மட்டும் பல மாதங்கள் போயின.

காரணம் ஃப்ரேமில் இருக்கிறது. பின்சக்கரத்தின் ஆக்சில் உட்காரும் பள்ளத்தை டிராப்அவுட் என்பார்கள். அது கிடைமட்டமாக நீண்டிருந்தால் சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்து முடுக்கிவிடலாம், வேலை முடிந்தது. ஆரம்பகால மவுண்டன் பைக்குகள் பலவற்றில் அப்படித்தான் இருந்தது. பிறகு வந்தவற்றில் பள்ளம் செங்குத்தாகிவிட்டது. கியர் வண்டிக்கு அது வசதி. சிங்கிள் ஸ்பீடுக்கு அதுதான் தலைவலி. ஆக்சில் முன்னும் பின்னும் ஒரு மில்லிமீட்டர்கூட நகராது.

வழிகள் நான்கு. கூடுதல் பாகம் எதுவும் இல்லாமல் பல் எண்ணிக்கையிலேயே செயினைப் பொருத்தும் ‘மேஜிக் கியர்’, செயினை அழுத்தி இறுக்கவென்று கடையில் விற்கும் டென்ஷனர், மையம் விலகிய ஹப் (சக்கரத்தின் நடுப்பாகம்) அல்லது பாட்டம் பிராக்கெட் (பெடல்களின் அச்சு சுழலும் பாகம்), பிறகு கழற்றிப் போட்ட அதே பழைய பின் டீரெய்லர். நான் கடைசியாக வந்து நின்றது பழைய டீரெய்லரில். ஆரம்பித்தது மேஜிக் கியரில்.

மேஜிக் கியரின் அழகை மறுக்க முடியாது. செயின், முன்னால் ஒரு பல்சக்கரம், பின்னால் ஒன்று, அவ்வளவுதான். சத்தமே இருக்காது. ஆனால் அது அமைவது ஃப்ரேமின் அளவைப் பொறுத்தது. செயினின் ஒரு கண்ணி 12.7 மி.மீ. பின்னால் ஒரு பல்லைக் கூட்டினாலோ குறைத்தாலோ ஆக்சில் இருக்க வேண்டிய இடம் சுமார் 3.2 மி.மீ. மாறும், அரைக் கண்ணி ஒன்றைச் சேர்த்தால் 6.35 மி.மீ. மாறும். இந்தப் படிகளில் ஏதாவது ஒன்று உங்கள் ஃப்ரேமுக்கு ஒத்துவந்தால் அதிர்ஷ்டம். எனக்கு முன்னால் 32, பின்னால் 17 பல், 92 கண்ணி என்று கச்சிதமாக உட்கார்ந்தது. அவ்வளவு சந்தோஷப்பட்டேன்.

சில வாரங்கள்தான். ஒரு மேட்டில் எழுந்து நின்று மிதித்தபோது செயின் கழன்று விழுந்தது. முழங்கால் நேராக ஹேண்டில்பாரில் போய் மோதியது. ஏன் என்று பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மற்ற எல்லாவற்றையும்விட இந்தக் கணக்குதான் என் முடிவைத் தீர்மானித்தது.

செயின் தேயும்போது நீளும். 92 கண்ணிச் செயினின் நீளம் ஏறத்தாழ 1,168 மி.மீ. அது வெறும் 0.1 சதவீதம் நீண்டால் கிடைக்கும் உபரி 1 மி.மீ.க்குச் சற்று அதிகம். கேட்க ஒன்றுமில்லாத அளவு. ஆனால் மேல்பக்கம் இழுபட்டிருக்கும்போது அந்த உபரி முழுக்கக் கீழ்ப்பக்கத்தில் வந்து சேர்கிறது. சுமார் 42 செ.மீ. நீளத்துக்குத் தொங்கும் செயினில் அந்த 1 மி.மீ. ஒரு சென்டிமீட்டருக்கும் அதிகமான தொய்வாகத் தெரியும். 0.5 சதவீதம் நீண்டால் உபரி 6 மி.மீ., தொய்வு 3 செ.மீ. பல கியர் வண்டியில் 0.5 சதவீதம் என்பது செயினை மாற்ற யோசிக்கத் தொடங்கும் கட்டம். மேஜிக் கியரில் அதற்கு வெகு முன்பே செயின் கழல ஆரம்பித்துவிடும். புதுச் செயின் போட்டால் மறுபடி சில வாரங்கள் சரியாக இருக்கும். இந்த வட்டத்துக்கு முடிவே இல்லை. ஆக்சிலை அரம் போட்டுத் தேய்த்து ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இடம் உண்டாக்குபவர்கள் இருக்கிறார்கள். நம் எடையைத் தாங்கும் பாகத்தில் அரம் போட எனக்கு மனம் வரவில்லை.

மையம் விலகிய ஹப், பாட்டம் பிராக்கெட் இரண்டும் இந்தத் தேய்மானச் சிக்கலைச் சரியாகத் தீர்க்கின்றன. ஒரு திருப்பில் செயின் இறுகும், தோற்றமும் சுத்தமாக இருக்கும். ஹப் என்றால் சக்கரத்தையே புதிதாகக் கட்ட வேண்டும். ரிம் பிரேக் இருந்தால் ஆக்சிலை நகர்த்தும்போதெல்லாம் பிரேக் கட்டைகளையும் சரிபார்க்க வேண்டும். பாட்டம் பிராக்கெட் வகையை நண்பர் ஒருவரின் வண்டியில் ஓட்டிப் பார்த்ததோடு சரி. நன்றாகவே இருந்தது. வருடக் கணக்கில் எப்படி உழைக்கும் என்று சொல்லும் அனுபவம் எனக்கு இல்லை. வீட்டில் கிடந்த வண்டிக்கு இவ்வளவு செலவு தேவையில்லை என்றுதான் விட்டுவிட்டேன்.

கடை டென்ஷனரில் செயினை மேலே தள்ளும் வகையை வாங்குங்கள். பின் பல்சக்கரத்தைச் செயின் கூடுதலாகச் சுற்றிப் பிடிக்கும், பல் தாண்டாது. அதற்குமேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

இப்போது பழைய டீரெய்லர். கேபிள் இல்லாமல் விட்டால் அது வெளிப்பக்கக் கடைசிக்குப் போய் நிற்கும். அதன் நகர்வுக்கு எல்லை வைக்கும் லிமிட் ஸ்க்ரூவை முறுக்கி உள்ளே தள்ளலாம், ஆனால் என் வண்டியில் அது நடுப்பகுதிவரை எட்டவில்லை. அதனால் பழைய கியர் கேபிளைத் தலையோடு சேர்த்து விரல் நீளத்துக்கு வெட்டினேன். தலையை டீரெய்லரின் அட்ஜஸ்டரில் உட்காரவைத்து, மறுமுனையை வழக்கமான போல்ட்டில் இறுக்கினேன். அப்புறம் அட்ஜஸ்டரைத் திருகத் திருக, டீரெய்லர் பல்சக்கரத்துக்கு நேர் கீழே வந்து நின்றது.

செயின் தேய்ந்து நீண்டால் டீரெய்லரின் ஸ்பிரிங் அந்தத் தொய்வைத் தானே வாங்கிக்கொள்கிறது. நான் ஒன்றும் செய்ய வேண்டாம். இன்னொரு நன்மையை மாட்டிய பிறகுதான் கவனித்தேன். பழைய கேசட்டிலிருந்து (பின்பக்கப் பல்சக்கரங்களின் அடுக்கு) பிரித்தெடுத்த பல்சக்கரத்தின் பற்கள், செயின் எளிதாகத் தாவுவதற்கென்றே வெட்டப்பட்டவை. மற்ற முறைகளில் அதை நம்ப முடியாது, உயரமான பற்கள் கொண்ட சிங்கிள் ஸ்பீட் பல்சக்கரம் வேண்டும். இங்கே டீரெய்லரின் மேல் உருளை செயினைச் சரியான இடத்துக்கே கொண்டுவந்து விடுவதால் பழையதே போதும். இருபக்கமும் நிரப்ப அதே கேசட்டின் இடைவெளி வளையங்கள் (ஸ்பேசர்கள்) இருக்கின்றன.

குறைகளும் உண்டு. டீரெய்லர் தாழத் தொங்குகிறது. கல்லில் இடிபடும், புல் சுற்றிக்கொள்ளும். செயினைக் குட்டையாக வெட்டினால் உருளைகளைத் தாங்கும் கூண்டு முன்னுக்கு இழுபட்டு ஓரளவு உயர்ந்து நிற்கும். உருளைகளை அவ்வப்போது கழற்றித் துடைக்க வேண்டும். பின்னோக்கி மிதித்துப் பிரேக் பிடிக்கும் கோஸ்டர் ஹப்புக்கோ, பெடலும் சக்கரமும் எப்போதும் சேர்ந்தே சுழலும் ஃபிக்ஸ்டு கியருக்கோ ஸ்பிரிங் டென்ஷனர் எதுவுமே கூடாது. பின்னோக்கி மிதிக்கும்போது முழு விசையும் கீழ்ப்பக்கச் செயினில் விழுந்து டென்ஷனரைப் பிய்த்துவிடும். தோற்றத்திலும் கியர் வண்டி போலவே இருக்கும். அது உறுத்துகிறவர்களைப் புரிந்துகொள்கிறேன்.

பல் கணக்கில் அதிகம் குழம்ப வேண்டாம். 26 அங்குலச் சக்கரத்துக்கு 32-க்கு 16 என்று தொடங்குங்கள். நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் மணிக்கு 20 கி.மீ. வேகம் வரும். மேடு அதிகமென்றால் 18.

மேஜிக் கியர் வைத்திருந்தபோது இந்த மாற்றத்தை நினைத்தே பார்க்க முடியாது, ஒரு பல் மாறினாலும் எல்லாம் குலைந்துவிடும். போன வாரம் ஒரு மலைப்பாதைக்காக 16-ஐக் கழற்றி 18-ஐ மாட்டினேன். செயினில் ஒரு கண்ணியைக்கூடத் தொடவில்லை.