அந்தப் படத்தில் இருக்கும் குழந்தைக்குப் பணம் அனுப்பாதீர்கள்

வெள்ளைப் பொத்தான் வைத்த நீலக் கவுன், மூக்கில் குழாய், மஞ்சள் ஏறிய கண்கள், குடம்போல் உப்பிய வயிறு. இப்படி ஒரு பெண் குழந்தையின் படம் "இன்னும் இரண்டே நாள்தான் அவகாசம்" என்ற வரியோடு உங்கள் கைப்பேசிக்கு வந்தால், அது என் மகள். அவளுக்கு அறுவை சிகிச்சை முடிந்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. இன்று காலை தோசையின் முறுகலான ஓரத்தை மட்டும் தின்றுவிட்டு நடுப்பகுதியை என் தட்டில் தள்ளிவிட்டாள். அந்தப் படத்துக்குக் கீழே இருக்கும் க்யூ.ஆர். குறியீட்டுக்கு ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள்.

எங்களுக்குச் சாத்தூர் பக்கம். கணவர் சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் இயந்திரம் ஓட்டுகிறார். மகள் பிறந்த மூன்றாம் நாளே மஞ்சளாகத்தான் இருந்தாள். "பச்சைக் குழந்தைக்கு வருவதுதான், காலை வெயிலில் காட்டுங்கள்" என்றார்கள். காட்டினோம். மலம் வெளுத்துச் சுண்ணாம்புபோல் போனது. தாய்ப்பாலில்தான் கோளாறு என்று என் மாமியார் எனக்குப் பத்தியம் வைத்தார். பித்தநாளம் அடைபட்டுப் பிறந்த குழந்தை என்று மதுரையில் கண்டுபிடித்தபோது அவளுக்கு 84 நாள். குடலின் ஒரு பகுதியைக் கல்லீரலோடு நேராக இணைத்துப் பித்தத்துக்கு வழி செய்யும் கசாய் அறுவை சிகிச்சையை 60 நாளுக்குள் செய்தால் பலன் கூடுதலாம். (பெயரைக் கேட்டதும் மாமியார் கசாப்புக் கடையை நினைத்து நடுங்கிவிட்டார். அது அந்த முறையைக் கண்டுபிடித்த ஜப்பானிய மருத்துவரின் பெயர்.) எங்களுக்கு அது கைகொடுக்கவில்லை. பிறந்து இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் இறங்காமல் மலமும் வெளுத்துப் போனால், வெயிலை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். மஞ்சள் நிறத்தைத் தரும் பிலிருபினில் நேரடி வகை எவ்வளவு என்று இரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள். நான் எழுத வந்தது வேறு விஷயம், ஆனால் இதைச் சொல்லாமல் தாண்ட மனம் வரவில்லை.

கல்லீரல் மாற்றுக்காகச் சென்னைக்கு வந்தோம். மருத்துவமனைக்குப் பின்தெருவில் நாள் வாடகைக்கு ஓர் அறை. அந்த நோயில் அரிப்பு இருக்கிறதே, அதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. இரவெல்லாம் சொறிவாள். காதுமடல் கிழிந்து தலையணையில் இரத்தம் திட்டுத் திட்டாக இருக்கும். கைகளுக்குக் காலுறை மாட்டி மணிக்கட்டில் நாடா கட்டித் தூங்கவைப்பேன். அப்படி மூன்று மாதம் நானும் தூங்காமல் இருந்தேன். அவன் எங்களைப் பிடித்தது அந்த நேரத்தில்தான்.

இரத்தப் பரிசோதனைக்கு வரிசையில் நின்றபோது, "அக்கா, பாப்பாவுக்குப் பித்தநாளப் பிரச்சினையா?" என்று கேட்டபடி பக்கத்தில் வந்தான். முப்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் அடையாள அட்டை, அதில் ஓர் அறக்கட்டளையின் பெயர். பிலிருபின், டாக்ரோலிமஸ் (மாற்றிய உறுப்பை உடல் நிராகரிக்காமல் இருக்கத் தரும் மருந்து) என்று எல்லாம் சரளமாக வந்தது. தன் அக்கா மகனுக்கும் இதே நோய் என்றான். மறுநாள் காலை எங்கள் அறைக்கே இட்லிப் பொட்டலம் கொண்டுவந்தான். நல்ல இட்லி. அதை ரசித்துச் சாப்பிட்டதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் என்மேல்தான் கோபம் வருகிறது.

எங்களுக்குப் பணமுடை இருந்தது உண்மை. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் கல்லீரல் மாற்றும் உண்டு. ஆனால் ஒப்புதல் வரும்வரை பரிசோதனைகள், மருந்து, வாடகை, குழந்தைக்கான தனிக் கொழுப்பு எண்ணெய் எல்லாம் கையிலிருந்துதான் போயின. "நன்கொடை திரட்டித் தருகிறோம், பதிவுக் கட்டணம் 5,000 மட்டும்" என்றான். வளையலை வைத்துக் கொடுத்தேன். ஒரு சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வாங்கினான். பாதிப் பக்கம் எழுதாமல் வெறுமையாக இருந்தது. கேட்டதற்கு, "மருத்துவமனை விவரம் பிறகு நிரப்புவோம்" என்றான். நானும் தலையாட்டினேன்.

பிறகு படம் எடுத்தான். கவுனை வயிற்றுக்கு மேலே தூக்கச் சொன்னான். அவள் அவனுடைய சாவிக்கொத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாள். "அக்கா, சிரிக்கிற படத்துக்குப் பணம் வராது. கொஞ்சம் கிள்ளுங்கள், அழட்டும்" என்றான். நான் கிள்ளவில்லை. ஆனால் எழுந்து வெளியே போகவும் இல்லை. சாவிக்கொத்தைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான். அவள் முகம் வாடியது. எடுத்துவிட்டான். உங்களுக்கு வருகிற படம் அதுதான்.

முதல் வாரமே மருத்துவமனையில் எங்கள் கணக்கில் 40,000 கட்டிவிட்டு ரசீதைக் காட்டினான். அதற்குப் பிறகு அவன் என்ன சொன்னாலும் எங்களுக்கு வேதவாக்கு. இரண்டு மாதம் கழித்து வேறொரு பேச்சை எடுத்தான். "அக்கா, நீங்கள் எதற்கு வயிற்றைக் கிழித்துக்கொள்ள வேண்டும்? மூளைச்சாவு அடைந்தவர்களின் கல்லீரலுக்குப் பட்டியல் இருக்கிறது. இரண்டு லட்சம் கொடுத்தால் பாப்பா பெயரை மேலே ஏற்றலாம்." கணவர் ஊருக்குப் போய்ப் பணம் புரட்டலாமா என்றுகூட யோசித்தார்.

நல்லவேளையாக நான் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளரிடம் வாயைத் திறந்தேன். அந்த அம்மா கதவைச் சாத்திவிட்டு உட்காரச் சொன்னார். தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தின் பட்டியலில் பெயரைப் பதிவு செய்வது மருத்துவமனைதான், வெளியாள் எவரும் அதைத் தொட முடியாது என்றார். உறுப்புக்கு விலை பேசினாலோ தரகு பார்த்தாலோ 5 முதல் 10 ஆண்டு வரை சிறை, அபராதம் 20 லட்சத்திலிருந்து 1 கோடி வரை. பணம் கொடுப்பவரையும் அந்தச் சட்டம் விடாது என்றார். எனக்குக் கை சில்லிட்டுப்போனது. 2011 திருத்தத்துக்குப் பிறகு தாத்தா பாட்டியும் நெருங்கிய உறவினராகவே கல்லீரல் கொடுக்கலாம் என்பதும் அன்றுதான் தெரிந்தது. கடைசியாக, இந்தியாவில் முதன்முதலாக வெற்றியடைந்த குழந்தைக் கல்லீரல் மாற்று 1998இல் டெல்லியில் காஞ்சிபுரத்துக் குழந்தை ஒன்றுக்குத்தான் நடந்தது, அவனுக்கும் இதே நோய், அப்பா கொடுத்தார், அந்தப் பையன் இன்றைக்கு மருத்துவர் என்றார். என் கல்லீரலின் இடப்பக்கத்தில் ஒரு துண்டு போதும், மீதி எனக்குள்ளேயே வளர்ந்துவிடும் என்று சொன்னார். அன்று மாலையே ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டேன். எல்லா வரியையும் வாசித்துவிட்டு.

நன்கொடை மோசடி வெளிவந்தது என் கணவரின் தொழிலால். அறுவை சிகிச்சைக்கு முன்பு மீதிப் பணத்துக்காக ஊரில் கேட்டபோது, "நாங்கள்தான் ஏற்கெனவே போட்டோமே" என்றார்கள். என் பெரியப்பா 2,000 கொடுத்த ரசீதைப் படம் எடுத்து அனுப்பினார். அச்சகத்தில் கணவரோடு வேலை பார்ப்பவரும் தன் 500 ரூபாய் ரசீதை அனுப்பினார். கணவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டிலும் எண் 417. "ஒரு புத்தகத்தில் ஒரே எண் இரண்டு தடவை விழாது. ஒரே எண்ணில் இரண்டு புத்தகம் அடித்திருக்கிறான்" என்றார். கீழே அச்சகத்தின் பெயரும் இல்லை. வருமான வரிச் சலுகைக்கான 80ஜி பதிவு எண் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ ஒரு கைப்பேசி எண். அதைக் கூப்பிட்டால் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மருத்துவமனைக் கணக்குப் பிரிவில் விசாரித்தோம். அந்த 40,000க்கு மேல் ஒரு பைசா வரவில்லை.

மருத்துவமனைமேலும் எனக்கு வருத்தம் உண்டு. இந்த ஆளைக் காவலாளிக்கும் தெரியும், கேன்டீன்காரருக்கும் தெரியும். "இடைத்தரகர்களை நம்பாதீர்கள்" என்ற அறிவிப்பு ஒன்று சுவரில் இருந்தது. அதற்கு முன்னால் தண்ணீர்க் கேன்களை அடுக்கி வைத்திருந்தார்கள். கேன் காலியான ஒரு நாள்தான் "நம்பாதீர்கள்" என்ற சொல்லையே பார்த்தேன்.

இப்போது யாராவது என்னிடம் கேட்டால் இதைத்தான் சொல்கிறேன். செலவு மதிப்பீட்டுக் கடிதத்தை மருத்துவமனையிடமே வாங்குங்கள். நன்கொடை யார் திரட்டினாலும், பணம் மருத்துவமனைக் கணக்குக்கு நேராகப் போக வேண்டும் என்று முதல் பேச்சிலேயே சொல்லுங்கள்; நல்லவன் முகம் சுளிக்க மாட்டான். பிரதமர் நிவாரண நிதிகூட நோயாளி கையில் கொடுப்பதில்லை, மருத்துவமனைக்குத்தான் அனுப்புகிறது. கொடுக்கிறவர்கள் படத்தைப் பார்த்து உருகுவதற்கு முன்னால் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். ஏமாந்தது தெரிந்த அந்த நிமிடமே இணையவழிப் பண மோசடிக்கான உதவி எண் 1930க்கு அழையுங்கள். நாங்கள் வெட்கப்பட்டுக்கொண்டு ஐந்து மாதம் கழித்து அழைத்தோம். அதற்குள் அந்தக் கணக்கில் பணம் எதுவும் மிஞ்சவில்லை.

படம் மட்டும் இன்னும் சுற்றுகிறது. போன மாதம் திருப்பூரிலிருந்து ஒருவர் அனுப்பினார். அதில் என் மகளுக்கு வேறு பெயர், வேறு ஊர், நோய் இரத்தப் புற்றுநோய். புகாருக்குக் காவல் நிலையத்தில் ஏற்புச் சான்று கொடுத்திருக்கிறார்கள். எங்கள் பெயரைச் சொல்லி யார் யாரிடம் எவ்வளவு வாங்கினான் என்று கணவர் ஒரு நோட்டில் எழுதிவருகிறார். இதுவரை தெரிந்தது 1,86,450. அந்தக் கடைசி 50 ரூபாய், எங்கள் தெருவில் நான்காம் வகுப்புப் படிக்கும் பையன் உண்டியலை உடைத்துக் கொடுத்தது. அவனுக்கும் ரசீது கொடுத்திருக்கிறான்.

உங்களிடமோ உங்கள் வீட்டாரிடமோ அப்படி ஒரு ரசீது இருந்தால் கிழித்துவிடாதீர்கள். என்ன எண் என்று பாருங்கள்.