பல்செட்டும் கேப்பும்: ஏழு ஆண்டு அனுபவம்

கீழ் வரிசையில் இடப்பக்கக் கடைவாய்ப் பற்களும் முன்பற்கள் இரண்டும் போனதால், பக்கத்துப் பற்களைப் பிடித்துக்கொள்ளும் கம்பி வைத்த, கழற்றி மாட்டும் அக்ரிலிக் பல்செட். மேலே வலப்பக்கம் உடைந்த கடைவாய்ப்பல்லுக்கு, அதன்மேல் மூடி போல ஒட்டும் ஒரு கேப். 2018இல் போட்டுக்கொண்டேன். போட்டதோடு வேலை முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். அதன் பிறகு தேய்த்ததும் செதுக்கியதும் இறுக்கியதும்தான் பாதி வேலை என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

கேப்பை முதலில் சொல்கிறேன். உலோகத்தின்மேல் பீங்கான் வைத்த வகை. பல்லில் இன்னும் உயிர் இருந்ததால் கூச்சம் தெரியாமலிருக்க ஊசி போட்டுத்தான் மாட்டினார்கள். பல் எங்கே இடிக்கிறது என்று நிறம் பதிந்து காட்டும் நீலக் கார்பன் தாளை வைத்துக் கடிக்கச் சொன்னார்கள். கன்னம் என்னுடையதா என்றே தெரியாத நிலையில் எதைக் கடித்தேனோ! "சரியாக இருக்கிறதா?" என்றதற்குத் தலையாட்டிவிட்டேன். மரப்பு தெளிந்ததும், கூழாங்கல்லை அடக்கிக்கொண்டு வாயை மூடியது போல அந்த ஒரு பல் மட்டும் இடித்தது. திரும்பப் போனால் "பழகிவிடும்" என்றார்கள். மூன்று வாரத்தில் எதிர்ப்பல்லும் வலிக்கத் தொடங்கியதுதான் மிச்சம்.

பிறகு வேறொரு மருத்துவரிடம் போனேன். நான் பாடம் நடத்திய பிள்ளைகளின் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. முதல் வேலையாக நாற்காலியை நிமிர்த்தினார். படுத்திருந்தால் தாடை சற்றுப் பின்னுக்குப் போகுமாம். "நீங்கள் உட்கார்ந்துதானே சாப்பிடுகிறீர்கள், அம்மா?" என்றார். எச்சில் இருந்தால் நிறம் ஒட்டாது என்று பல்லை நன்றாகத் துடைத்துவிட்டு, நீலத் தாளில் நேராகக் கடிக்கவும் சிவப்புத் தாளில் இடவலமாக அரைக்கவும் சொன்னார். கண்ணாடியில் காட்டினார்: நடுவே வெளுத்த ஒரு நீல வளையம். அதுதான் அதிகம் அழுந்தும் புள்ளி. பளிச்சென்று நிறம் அப்பிய இடமெல்லாம் அப்படியில்லை. தண்ணீர் பாயப் பாய ஒரு சிட்டிகை தேய்ப்பார், தாள் வைப்பார், மறுபடி தேய்ப்பார். ஐந்தாறு முறை. கடைசியில் ரப்பர் சக்கரத்தால் மெருகேற்றினார். இந்தக் கடைசி வேலையை அவசரத்தில் விட்டுவிட்டால் கேட்டு வாங்கிச் செய்துகொள்ளுங்கள். சொரசொரத்த பீங்கான் எதிர்ப்பல்லை அரம் போல அராவிவிடும். பல்லிடுக்கில் நூல் விட்டும் பார்த்தார். நூல் சிறு தடையோடு இறங்க வேண்டும். தாராளமாகப் போனால் கீரைத்தண்டு நார் அங்கேயே குடியேறிவிடும்.

பல்செட்டின் கதை நீளம். முதல் நாள் பெருமையாக இருந்தது, இரண்டாம் நாள் நாக்கின் அடியில் புண். நாக்கைக் கீழே கட்டியிருக்கும் நரம்பு போன்ற மடிப்பில் தகட்டின் விளிம்பு உரசியிருக்கிறது. வலி தாங்காமல் செட்டைக் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டு, நான்கு நாள் கழித்துப் போய் நின்றேன். புண் ஆறிவிட்டிருந்தது. எங்கே தேய்ப்பது என்று மருத்துவருக்குத் தெரியவில்லை! அன்று கற்றுக்கொண்டதுதான் இந்த ஏழு ஆண்டில் எனக்கு அதிகம் உதவியது: மருத்துவரிடம் போகும் நாளன்று காலையிலிருந்தே, வலித்தாலும் சில மணி நேரம் செட்டைப் போட்டிருக்க வேண்டும். சிவந்த இடம் கண்ணுக்குத் தெரிந்தால்தான் ஊதா நிறப் பென்சிலால் அதன்மேல் புள்ளி வைக்க முடியும். பிறகு செட்டை மாட்டி எடுத்தால் புள்ளி தகட்டில் பதிந்திருக்கும். பதிந்த இடத்தில் மட்டும் செதுக்குவார்கள்.

வலியை விவரிக்கவும் ஒரு கணக்கு உண்டு. சும்மா இருக்கும்போதும் வலித்தால் பெரும்பாலும் விளிம்பு நீளம். மெல்லும்போது மட்டும் வலித்தால் கடியில் கோளாறு. அப்போது தேய்க்க வேண்டியது ஈறுப் பக்கத்தை அல்ல, பல்லின் தலையை. "வலிக்கிறது" என்று மொட்டையாகச் சொல்லி மூன்று நடை வீணாக்கியவள் நான்.

இன்னொரு முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். 2020 ஊரடங்கில் எங்கும் போக முடியாமல், நகம் தேய்க்கும் அரத்தால் நானே விளிம்பைத் தேய்த்தேன். புண் போயிற்று, பிடிப்பும் போயிற்று. மருத்துவர் அரை மில்லிமீட்டர் எடுக்கும் இடத்தில் நான் ஒரு கோட்டையே இடித்திருக்கிறேன். உடைந்த செட்டை உடனடிப் பசையால் ஒட்டுகிறவர்களும் என் கட்சிதான். துண்டுகள் மயிரிழை விலகி ஒட்டிக்கொண்டாலும் பிறகு பழுது பார்ப்பவருக்குப் பொருத்திப் பார்க்க இடமிருக்காது.

மூன்றாம் ஆண்டு முடிவில் செட் ஆடியது. தோசைத் துணுக்கு அடியில் புகுந்தது. செட் பழசாகிவிட்டது என்று நினைத்தேன். மாறியது என் தாடை. பல் போன இடத்தில் எலும்பு மெல்ல மெல்லக் கரைகிறது, கீழ்த்தாடையில் இன்னும் அதிகமாக. புதுச் செட் தேவைப்படவில்லை. முதலில் உள்பக்கம் மெத்தென்ற ஒரு பொருளைப் பூசிச் சில நாள் ஈறுக்கு ஓய்வு கொடுத்தார். பிறகு அதே செட்டில் அச்செடுத்து லேபுக்கு அனுப்பி உள்பக்கத்தைப் புதிதாக வார்த்து வாங்கினார். ஒரு முழு நாள் பல்லில்லாமல் கஞ்சி. வீட்டுக்காரர் அன்றைக்கு மட்டும் வாதத்தில் ஜெயித்தார்.

அன்றாடப் பராமரிப்பில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. வெந்நீர் கூடாது, அக்ரிலிக் வளைந்துவிடும். பற்பசை கீறும், கைகழுவும் திரவச் சோப்பும் மென்மையான பிரஷும் போதும். தொட்டியில் தண்ணீர் நிரப்பி அதன்மேல் பிடித்துக் கழுவினால் நழுவினாலும் உடையாது. இரவில் கழற்றித் தண்ணீரில் போட்டுவிடுகிறேன். கொய்யாவை முன்பல்லால் கடிப்பதை விட்டாயிற்று, கத்தியால் துண்டு போடுகிறேன். முறுக்கு, சொன்னால் நம்புங்கள், சாப்பிடுகிறேன். இரண்டு பக்கமும் சேர்த்து மென்றால் செட் எழும்பாது.

இந்த வாரம் இடப்பக்கக் கம்பி மறுபடி தளர்ந்திருக்கிறது. இடுக்கியால் நானே ஒரு திருகு திருகலாம் என்று கை துறுதுறுக்கிறது. வியாழக்கிழமைக்கு முன்பதிவு செய்துவிட்டு இடுக்கியை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டேன்.