எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தின் மாலைப் படிப்பறை: ஓராண்டு அனுபவம்

யாழ்ப்பாணத்து வலிகாமத்திலுள்ள எங்கள் ஊர்ச் சனசமூக நிலையம், தன் வாசிகசாலையின் பின்பகுதியை மாணவர்களுக்கான படிப்பறையாக மாற்றி ஓராண்டு கடந்துவிட்டது. உயர்தரத்தில் கணிதப் பிரிவில் கற்கும் என் மகனும், தரம் 11இல் கற்கும் மகளும் தொடக்கத்திலிருந்தே அங்கு போய் வருகிறார்கள். மாதச் சந்தா 100 ரூபா. தங்கள் பிள்ளைகளையும் சேர்க்கலாமா என்று பெற்றோர் பலர் கேட்பதால், கண்டதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் சொல்லவேண்டியது அதன் நேர ஒழுங்கு. மாலை 4.30 முதல் 6 மணி வரை படிப்பறை பூட்டியிருக்கும். அந்த நேரம் முன்னாலுள்ள கரப்பந்தாட்டத் திடலுக்கு உரியது. 6.15க்குத் திறந்து இரவு 9 மணிக்குப் பூட்டுவார்கள். மற்றவர்கள் படித்துக்கொண்டிருக்கும்போது தான் மட்டும் விளையாடுகிறேனே என்ற உறுத்தல் எந்தப் பிள்ளைக்கும் வரக்கூடாது என்பதற்காக நிர்வாகத்தினர் தெரிந்தே செய்த ஏற்பாடு இது. ரியூசன் வகுப்புகள் கூடியபின் பந்தைத் தொடுவதையே விட்டிருந்த என் மகன், வகுப்பில்லாத மூன்று மாலைகளில் இப்போது திடலில் நிற்கிறான் என்றால், அந்தப் பூட்டுத்தான் காரணம்.

தொண்ணூறுகளில் நான் படித்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெயும் அருமையாக இருந்தது. ஒரு ஜாம் போத்தல் விளக்கைச் சுற்றி நாலு பேர் இருந்து படித்தது எண்ணெயை மிச்சம் பிடிக்கத்தான். பொழுதுபட்டால் படிப்பும் சுருங்கிவிடும் என்பதால், வெளிச்சம் உள்ளவரை திடலில் ஆளுக்குக் குறைவிருந்ததில்லை. ஓவர் கேம் என்ற எங்கள் பக்கத்துக் கரப்பந்தாட்ட வகையை ஆட முறை வைத்துக் காத்திருப்போம். கரப்பந்தாட்டம் 1991இல் இலங்கையின் தேசிய விளையாட்டாக அறிவிக்கப்பட்டது. ஆனால் இன்று எங்கள் திடலுக்கு வரும் உயர்தர மாணவர்கள் நாலைந்து பேர்தான், ஏனையோர் வேலை முடித்து வரும் இளைஞர்கள். அதற்காக எல்லாமே குறைந்துவிட்டது என்று சொல்வது நியாயமாகாது. எங்கள் காலத்தில் ஊர்த் திடலில் பெண்பிள்ளைகள் இறங்கியதில்லை. தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரி மாணவிகள் உதைபந்தாட்டத்தில் பெயரெடுத்ததையும், அனித்தா ஜெகதீஸ்வரன் கோலூன்றிப் பாய்தலில் தேசிய சாதனை படைத்ததையும், தர்ஜினி சிவலிங்கம் 2018இல் ஆசிய வலைப்பந்தாட்டக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணியில் ஆடியதையும் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். இப்போது புதன், சனி இரண்டு நாட்களும் திடல் பெண்களுக்கே.

படிப்பறையில் இரண்டு பகுதிகள் உண்டு. முன்பகுதியில் தனித்தனி மேசைகள், அங்கே பேசக்கூடாது. பின்பகுதியில் நீண்ட மேசையும் கரும்பலகையும் உள்ளன. அங்கே சேர்ந்து படிக்கலாம், ஆனால் குறைந்தது ஒரு மணித்தியாலம் தனியே இருந்து படித்தவர்களுக்குத்தான் அனுமதி. இந்த விதி எனக்கு முதலில் தேவையற்ற கெடுபிடியாகத் தெரிந்தது. இணைந்த கணிதத்தில் எறியக் கணக்கொன்று என் எண்ணத்தை மாற்றியது. கிடையுடன் 60 பாகையில் எறியப்பட்ட துணிக்கை ஒன்று சுவரொன்றை மட்டுமட்டாகக் கடக்கும் கடந்தகால வினா அது. மகன் இரண்டு மாலைகள் தனியே இருந்து முயன்றும் விடை வரவில்லை. மூன்றாம் நாள் பின்பகுதிக்குப் போனபோது, அங்கிருந்த மாணவி ஒருத்தி விடையைச் சொல்லாமல், அவன் செய்ததைப் பலகையில் எழுதி விளக்கச் சொன்னாளாம். மூன்றாவது வரியிலேயே சோக்குக்கட்டி நின்றுவிட்டது. சுவருக்கு மேலே நிலைக்குத்து வேகம் பூச்சியம் என்று தான் பாட்டுக்கு எடுத்துக்கொண்டதை அவனே கண்டுபிடித்தான். தனியே இருந்தபோது அந்தப் பிழை கண்ணில் படவில்லை; அந்த இரண்டு மாலைகளும் இல்லாமல் நேரே கூட்டத்துக்குப் போயிருந்தால், பிறர் விடையைப் பார்த்து எழுதிக்கொண்டு வந்திருப்பான்.

மகளின் அனுபவம் வேறு. வரலாற்றுப் பாடத்தைச் சேர்ந்து படிக்கப் போனால் பேச்சுத்தான் மிஞ்சுகிறது என்று அவளே சொல்லி, இப்போது முன்மேசையோடு நின்றுவிட்டாள். சாதாரண தரப் பிள்ளைகளைப் பின்பகுதிக்கு விடுவதாயின் பெரியவர் ஒருவர் அங்கே இருக்கவேண்டும் என்பது என் கருத்து. அமைதி மட்டும் போதுமென்பவர்களுக்கு யாழ்ப்பாணப் பொது நூலகம் இருக்கிறது; எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்வரும் நேரத்தைத்தான் கணக்கில் எடுக்கவேண்டும்.

குறைகளும் உண்டு. இரு பகுதிகளுக்கும் நடுவே இருப்பது பலகைத் தடுப்பு என்பதால் பின்பகுதிச் சத்தம் முன்னுக்குக் கேட்கிறது. மாரியில் நுளம்பு அதிகம். வினாத்தாள் கோவையில் அண்மைய ஆண்டுகள் விடுபட்டுள்ளன. இவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம், பொறுக்க முடியாதது வலையின் உயரம். ஆண்களுக்குரிய 2.43 மீற்றரில் கம்பத்துக்கு ஒரேயொரு கொளுக்கிதான் பொருத்தியிருக்கிறார்கள், பெண்களுக்குரியது 2.24 மீற்றர். புதனும் சனியும் பிள்ளைகள் அந்த உயர்ந்த வலைக்கே எம்பி எம்பி அடித்துவிட்டு, தோள் நோகுது என்று வீட்டுக்கு வருகிறார்கள். கம்பம் ஒன்றுக்கு இன்னுமொரு கொளுக்கி வெல்டிங் செய்ய அரை நாள் வேலைகூட இல்லை. அடுத்த பொதுக்கூட்டத்தில் இதைக் கேட்கப் போகிறேன். செலவை நானே தருகிறேன்.