ஒரு பென் டிரைவில் பொன்னியின் செல்வன்: காது மந்தமான அப்பாவுக்கு எது சரி?

வயதானவர்களுக்கு ஒலிநூல் வாங்கித் தர நினைப்பவர்கள் கதையை யோசிக்கும் முன் பொத்தானை யோசியுங்கள். நல்ல ஒலிநூல் தேடினால் கிடைத்துவிடும். எண்பதை நெருங்கும் ஒருவர் யாரையும் கூப்பிடாமல் அதைத் தாமே போட்டுக் கேட்கும்படி செய்வதுதான் பெரும்பாடு.

எங்கள் வீட்டில் இந்தத் தேவை 2020இல் வந்தது. கும்பகோணத்தை அடுத்த கிராமத்தில் அப்பாவும் அம்மாவும் தனியாக இருந்தார்கள். கொரோனா ஊரடங்கில் அவசரமில்லாத அறுவை சிகிச்சைகளை மருத்துவமனைகள் தள்ளிவைத்த நேரம் அது. அப்பாவின் கண்புரை அறுவையும் தள்ளிப்போனது. செய்தித்தாள் வழியாகத் தொற்று வரும் என்று யாரோ சொல்லிவிட, அம்மா பேப்பர்காரரை நிறுத்திவிட்டாள். அப்பா சிறு வயது முதல் படித்துவந்த கல்கி இதழும் அந்த ஊரடங்கோடு அச்சில் வருவது நின்றது. பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை அதில் தொடராக வந்தபோது கிழித்துச் சேர்த்து பைண்டு செய்த தொகுப்பு இன்னும் வீட்டு அலமாரியில் இருக்கிறது. படிக்கத்தான் கண் இல்லை.

முதலில் கைப்பேசிச் செயலி ஒன்றுக்குச் சந்தா கட்டினோம். பெயர் வேண்டாம். குரல் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் திரை அணைந்தால் கதையும் நின்றது. மீண்டும் திறந்தால் வேறு ஏதோ புத்தகத்தை வாங்கச் சொல்லி ஒரு படம் வந்து மறைத்தது. அதை மூடும் பெருக்கல் குறி கடுகளவு. கண்புரை உள்ளவர் அந்தக் கடுகை எங்கே தேடுவார்? இலவச வீடியோத் தளங்களிலும் முழுக் கதையும் பல குரல்களில் கிடைக்கிறது. ஆனால் நந்தினி சூழ்ச்சியின் உச்சத்தில் இருக்கும்போது ஒருவர் குறுக்கே வந்து சமையல் எண்ணெய் விற்கிறார்.

கதையை எழுதிய கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையாக்கப்பட்டவை என்பதால் யார் வேண்டுமானாலும் வாசித்துப் பதிவுசெய்யலாம். அதனால்தான் இத்தனை பதிப்புகள், இத்தனை ஏற்ற இறக்கம். நூல் நாட்டுடைமை, குரல் அப்படியல்ல. பதிவுசெய்தவருக்குப் பணம் கொடுத்து வாங்குவதே முறை.

கேட்டவற்றை இரண்டு வகையாகப் பிரிப்பேன். பாத்திரத்துக்கு ஒரு குரல், பின்னணி இசை, குதிரைக் குளம்படி எல்லாம் உள்ள நாடக வடிவம் ஒன்று. பாம்பே கண்ணன் தயாரித்தது இதில் பலருக்கும் தெரிந்தது. நெடும்பயணத்துக்கு இதைவிட நல்ல துணை எனக்குத் தெரியாது. மற்றது, ஒரே ஆள் முதல் வரி முதல் கடைசி வரி வரை படித்துக்கொண்டே போவது.

மாநிலத்துக்குள் பயணம் செய்ய இ-பாஸ் வேண்டியதில்லை என்ற அறிவிப்பு அந்த ஆண்டு செப்டம்பர் முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. அந்த வாரமே காரை எடுத்தேன். தாம்பரம், விக்கிரவாண்டி, பண்ருட்டி, வடலூர் வரை நாடக வடிவத்தைத் தொடவே இல்லை; சேத்தியாத்தோப்பில்தான் முதல் அத்தியாயத்தைப் போட்டேன். காரணம் உண்டு. கதை தொடங்குவது வீரநாராயண ஏரிக்கரையில். அதுதான் 2004 முதல் சென்னைக்குக் குடிநீர் அனுப்பும் வீராணம். வந்தியத்தேவன் போகும் வழியும் என் ஊர் வழியும் ஏறக்குறைய ஒன்று: ஏரி, கொள்ளிடம், குடந்தை. அவன் குதிரையில், நான் முகக்கவசத்தோடு காரில். அந்த அத்தியாயத்தில் ஆடிப்பெருக்குக்கு ஊரே கரையில் திரண்டு சித்திரான்னம் சாப்பிடுகிறது. 2020இல் ஆடிப் பதினெட்டு ஆகஸ்ட் 2, ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறுதோறும் முழு ஊரடங்கு என்பதால் ஆற்றங்கரைகளில் ஆளே இல்லை. ஒரு மாதம் கழித்து அந்தக் கூட்டத்தின் இரைச்சலைக் காரில் கேட்கும்போது சத்தத்தைக் கூட்டி வைத்தேன். குதிரையைவிட கார் வேகம் என்பதை மட்டும் கணக்கில் வையுங்கள்: நான் கும்பகோணத்துக்குள் நுழைந்தபோது அவன் கடம்பூர் மாளிகையையே தாண்டவில்லை.

இதே பதிவு அப்பாவிடம் எடுபடவில்லை. அவருக்குக் காது மந்தம். வசனத்துக்கு அடியில் வீணை ஒலித்தால் அவருக்கு வீணை மட்டும்தான் கேட்கும். எந்த நாடக வடிவமானாலும் இதே கதைதான். குறை பதிவில் இல்லை, காதில். தனிக் குரல் பதிவைப் போட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். படித்தவர் ஒரு பெண், நிதானமான உச்சரிப்பு. ழகரமும் ளகரமும் தனித்தனியாகக் காதில் விழுந்தன. உணர்ச்சி வரும் இடத்தில் மட்டும் கொஞ்சம் அதிகம். "ஏம்மா, குந்தவை எதற்கு இப்படி மூக்கை உறிஞ்சுகிறாள்? அவள் அப்படி அழுகிறவள் இல்லையே" என்று அப்பா நீதிபதியைப் போலக் கேட்டார்.

அவர் திண்ணையில், நான் முற்றத்துக் கொடுக்காப்புளி மரத்தடியில். நகரத்திலிருந்து வந்தவள் என்பதால் உள்ளே போகவில்லை. முகக்கவசம் போட்டுக்கொண்டு நான் பேசுவது அவருக்குக் கேட்காது; உதடும் தெரியாது. சத்தம் போட்டுப் பேசினால் தெருவே வந்து நலம் விசாரிக்கும். இருவருக்கும் நடுவில் ஸ்டூலில் வைத்த பெட்டி பேசியது. ஆழ்வார்க்கடியான் வாதம் செய்யும் இடங்களில் அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். எத்தனையோ ஆண்டுகளாக நாங்கள் இவ்வளவு நேரம் சேர்ந்து உட்கார்ந்ததில்லை.

இனி அந்தப் பெட்டி. பென் டிரைவ் செருகும் வசதியுள்ள சாதாரண ரேடியோ அது. பெரிய பொத்தான்கள், தடவிப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். செயலியை விட்டுவிட்டு இதற்கு மாறியதுதான் நாங்கள் செய்த புத்திசாலித்தனம். ஆனால் வாங்கும் முன் கடையிலேயே ஒன்றைச் சோதித்துவிடுங்கள்: அணைத்துப் போட்டால் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறதா? தம்பி முதலில் வாங்கிவந்த பெட்டி மின்சாரம் போய் வரும்போதெல்லாம் பிடிவாதமாக வீராணம் ஏரிக்கே திரும்பியது. எங்கள் ஊர் மின்வெட்டில் வந்தியத்தேவன் தஞ்சாவூர் போய்ச் சேரவே மாட்டான் போலிருந்தது. மாற்றி வாங்கியது பரவாயில்லை.

கோப்புகளுக்குப் பெயர் வைப்பதிலும் கவனம் வேண்டும். ஐந்து பாகங்களிலும் சேர்த்து 293 அத்தியாயங்கள். வெறுமனே 1, 2, 3 என்று பெயரிட்டால் பல பெட்டிகள் 1 முடிந்ததும் 10க்கும் 100க்கும் தாவும். 001 என்று மூன்று இலக்கத்தில் தொடங்குங்கள். பாகத்துக்கு ஒரு பென் டிரைவ் என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் வேறு நிற நூலைக் கட்டிக் கொடுத்தால் இன்னும் நல்லது. எழுத்து தெரியாவிட்டாலும் நிறம் தெரிகிறது.

2021 மே மாதம் மறுபடி முழு ஊரடங்கு வந்து நான் போக முடியாமல் போனபோதும் அப்பா யார் உதவியும் இல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார். ஐந்தாம் பாகம் மட்டும் 91 அத்தியாயம் என்பதால் கடைசியில் சலித்துக்கொண்டது அம்மாதான். அவளுக்கு மாலையில் பண்பலையில் பழைய பாட்டுக் கேட்க வேண்டும். பெட்டியோ அப்பாவின் மடியில். இப்போது அவளுக்கு வேறொரு பெட்டி வாங்கியாகிவிட்டது. அதில் பென் டிரைவ் துளை இருக்கக் கூடாது என்பது அவள் போட்ட ஒரே நிபந்தனை.