சுங்கை சிப்புட் கடையில் எடைகுறைந்த உலாவிகள்

லினக்சுக்கு எடைகுறைந்த, அதாவது குறைந்த நினைவகத்தில் ஓடும், உலாவி எது என்று கேட்பவர்களிடம், அந்தக் கணினியின் முன் உட்காரப்போவது யார் என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் சிறிய போட்டோஸ்டேட் கடை வைத்திருக்கிறேன். கடையில் உள்ள மேசைக் கணினிகள் கோர் 2 டுவோ என்ற பழைய இன்டெல் சில்லின் காலத்தவை. 4 ஜிபி நினைவகம், பழைய வன்தட்டைக் கழற்றிவிட்டுப் போட்ட எஸ்எஸ்டி, டெபியன் என்ற லினக்ஸ் வகை, அதன்மேல் எல்எக்ஸ்கியூடி என்ற எளிய மேசைத்தளம். தோட்டத்திலிருந்து பேரப்பிள்ளையோடு வரும் பாட்டிக்கு உதவித்தொகைப் பாரம் நிரப்ப வேண்டும். செம்பனை ஆலையில் வேலை செய்பவருக்கு வருமான வரி ஏப்ரல் கடைசியில்தான் நினைவுக்கு வரும். மாணவர்களுக்குக் கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளமான டெலிமா. இவர்கள் யாருக்கும் உலாவியின் பெயர் முக்கியமில்லை. ‘இன்னும் சுற்றிக்கொண்டே இருக்கிறதே, தம்பி’ என்று கேட்காமல் எழுந்து போனால் எனக்கு நிம்மதி.

சில ஆண்டுகளாக மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டேன். எடையில் பெரும்பகுதி பக்கங்களில்தான் இருக்கிறது. ஒரு செய்தித் தளத்தைத் திறந்தால் செய்தி என்னவோ நான்கு பத்திதான். சுற்றிலும் விளம்பரங்கள், தானாக ஓடும் வீடியோ, வாசகரைப் பின்தொடரும் நிரல்கள். இவற்றை இறக்கி இயக்குவதில்தான் நினைவகம் கரைகிறது. உலாவியை மட்டும் மாற்றுவதால் இந்தச் சுமை அவ்வளவாகக் குறைவதில்லை. ஏனென்றால் இன்றைய இணையத்தை முழுதாகக் காட்டக்கூடிய எஞ்சின்கள், அதாவது பக்கத்தைத் திரையில் வரையும் உள்நிரல்கள், மூன்றே: பிளிங்க், கெக்கோ, வெப்கிட். ‘எடைகுறைந்தது’ என்று பரிந்துரைக்கப்படுபவற்றில் பல, இவற்றில் ஒன்றுக்கு வேறு சட்டை மாட்டியவைதான்.

ஃபால்கனை எடுத்துக்கொள்வோம். 2010இல் குப்ஜில்லா என்ற பெயரில் தொடங்கி, 2017இல் கேடிஇ என்ற லினக்ஸ் மேசைத்தளத் திட்டத்தின் குடும்பத்துக்குள் வந்தது. எல்எக்ஸ்கியூடி மேசைத்தளத்தோடு அழகாகப் பொருந்துகிறது. விளம்பரத் தடுப்பு உள்ளேயே இருக்கிறது. எனக்குப் பிடித்த உலாவிதான். ஆனால் உள்ளே ஓடுவது க்யூட் வெப்எஞ்சின், அதாவது கூகுள் குரோமின் அடிப்படையான குரோமியத்தின் பிளிங்க் எஞ்சின். கருவிப்பட்டை, மெனு போன்ற வெளிக்கூட்டில் கொஞ்சம் மிச்சமாகும். கனமான தளம் ஒன்றைத் திறந்த பிறகு அந்த மிச்சம் தெரியாது. மிடோரியின் கதை இன்னும் வேடிக்கை. ஒரு காலத்தில் வெப்கிட்டில் ஓடிய சின்னஞ்சிறு உலாவி அது. இப்போது அதே பெயரில் வருவது ஃபயர்ஃபாக்சின் கெக்கோவில் ஓடுகிறது. பழைய பரிந்துரைகளைப் படித்துவிட்டு இன்று அதை நிறுவுகிறவர் வேறொரு நிரலைத்தான் நிறுவுகிறார். க்யூட்பிரவுசர் விசைப்பலகையிலேயே காலம் தள்ளுகிறவர்களுக்கு நன்று; என் கடைக்கு வருபவர்கள் மவுசைத் தேடுவார்கள்.

உண்மையிலேயே எடை இல்லாதது வேண்டும் என்றால் டில்லோ. 1999இல் முதலில் வந்தது. 2015க்குப் பிறகு பல ஆண்டுகள் பேச்சுமூச்சு இல்லாமல் கிடந்து, 2024இல் 3.1.0 பதிப்போடு மீண்டும் எழுந்தது. சொடுக்கியவுடன் திறக்கிறது, சொடுக்கிய விரலை எடுப்பதற்குள். பக்கங்களை இயங்கவைக்கும் ஜாவாஸ்கிரிப்ட் அறவே கிடையாது. அதனால் வங்கி, அரசுத் தளம், டெலிமா எதுவும் நடக்காது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், படிப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றால், தமிழில் சிக்குகிறது. டில்லோ திரையில் வரையப் பயன்படுத்தும் எஃப்எல்டிகே என்ற நிரலகம், எழுத்துகளைக் கோப்பில் உள்ள வரிசையிலேயே ஒன்றன்பின் ஒன்றாக வரைகிறது. யூனிகோடில் ‘கெ’ என்பது முதலில் ககரம், பிறகு கொம்பு. திரையில் கொம்பை முன்னால் கொண்டுவந்து வைக்கும் வேலையை மற்ற உலாவிகளில் ஹார்ஃப்பஸ் என்ற நிரலகம் செய்கிறது. இங்கே அது நடக்காததால், ‘கெடா’ மாநிலம் திரையில் ‘கடொ’ ஆகிவிடுகிறது. ஆங்கிலக் கையேடு படிக்கிறவர்களுக்கு இதைவிடச் சுகமான உலாவி இல்லை. தமிழ் நாளிதழ் படிக்க முடியாது.

நெட்சர்ஃப் இந்த விஷயத்தில் மேல். லினக்சில் ஓடும் அதன் ஜிடிகே வடிவத்தில் தமிழ் ஒழுங்காக வருகிறது, எஞ்சினும் சொந்த எஞ்சின். ஆனால் ஜாவாஸ்கிரிப்ட் அரைகுறை. பாரம் நிரப்பும் தளங்களில் பாதி வழியிலேயே நின்றுவிடும்.

நடுவில் நிற்பது ஜினோம் வெப், பழைய பெயர் எபிஃபனி. வெப்கிட்ஜிடிகே எஞ்சின் (வெப்கிட்டின் லினக்ஸ் வடிவம்), தெளிவான தமிழ், வாசிப்பு முறை, உள்ளேயே விளம்பரத் தடுப்பு. வீட்டுக் கணினியில் காலையில் செய்தி படிக்க இன்றும் இதைத்தான் திறக்கிறேன். கடையில் வைக்க முடியவில்லை. ஒரு வங்கியின் தளம் ‘இந்த உலாவிக்கு ஆதரவில்லை’ என்று வாசலிலேயே திருப்பி அனுப்பியது. கேமராவோடு நடக்கும் இணைய வகுப்புக்குத் தேவையான வெப்ஆர்டிசி வசதியும் வெப்கிட்ஜிடிகேயில் ஃபயர்ஃபாக்ஸ் அளவுக்குக் கைகொடுக்காது.

பணம் புழங்கும் கணினி என்றால் இன்னொரு கணக்கும் உண்டு. உலாவி எஞ்சின்களில் பாதுகாப்பு ஓட்டைகள் வந்துகொண்டே இருக்கும். யார் வேகமாக அடைக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. டெபியன் தன் வெளியீட்டுக் குறிப்புகளிலேயே பொதுவான இணையப் பயன்பாட்டுக்கு ஃபயர்ஃபாக்ஸ் அல்லது குரோமியம் என்று பரிந்துரைக்கிறது. ஒருவரின் சேமநிதிக் கணக்கை என் கணினியில் திறக்கவிட்டு, அதில் அரிய உலாவி ஒன்றைச் சோதித்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

ஆக, கடையில் நிலைத்தது சாதாரண ஃபயர்ஃபாக்ஸ் இஎஸ்ஆர், அதாவது நீண்ட காலம் பாதுகாப்புத் திருத்தங்கள் பெறும் பதிப்பு. அதில் முதல் வேலையாக விளம்பரம் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின். இந்த ஒரு நீட்சி செய்ததை எந்த ‘எடைகுறைந்த’ உலாவியும் செய்யவில்லை. குரோமியம் பக்கம் போகாததற்குக் காரணமும் இதுவே: மேனிஃபெஸ்ட் வி3 என்ற புதிய நீட்சி விதிகள் வந்த பிறகு அங்கே முழு யூபிளாக் ஆரிஜினுக்கு இடமில்லை, லைட் வடிவம்தான். அடுத்து, பயன்படுத்தாத தத்தல்களை (டேப்) தூங்கவைப்பது. ஃபயர்ஃபாக்ஸ் 140 முதல் தத்தலின் மேல் வலச்சொடுக்கினாலே அதை நினைவகத்திலிருந்து இறக்கிவிடலாம். இயங்குதளத்தில் நினைவகத்தைச் சுருக்கி வைக்கும் இசட்-ரேம் போட்டுவிட்டால், நினைவகம் நிரம்பும் நேரத்தில் கணினி உறைவதும் வெகுவாகக் குறைகிறது. பொதுக் கணினி என்பதால், மூடியவுடன் குக்கிகளும் வரலாறும் அழியும்படி அமைத்து, கடவுச்சொல் சேமிக்கும் வசதியை நிறுத்தியிருக்கிறேன். எல்எக்ஸ்கியூடியில் நோட்டோ தமிழ் எழுத்துருவும், தட்டச்சுக்கு ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள் வழியாகத் தமிழ்99 விசைப்பலகையும் போதும்.

உலாவிகளை ஒப்பிட விரும்புவோருக்கு ஒரு எச்சரிக்கை. எச்டாப் என்ற கண்காணிப்புக் கருவியில் ஒவ்வொரு பிராசசின் (ஓடும் நிரலின்) எதிரே தெரியும் நினைவகத்தைக் கூட்டிவிட்டு ‘இது இவ்வளவு தின்கிறது’ என்று படம் பிடித்துப் போடுகிறார்கள். பல பிராசஸ்கள் பகிர்ந்துகொள்ளும் நினைவகம் அந்தக் கூட்டலில் திரும்பத் திரும்ப எண்ணப்படும். எஸ்மெம் கருவியில் பிஎஸ்எஸ் என்ற நெடுவரிசையைப் பாருங்கள். அது பகிர்வதைப் பங்கிட்டுக் காட்டும். எந்தத் தளம் தின்கிறது என்று அறிய ஃபயர்ஃபாக்சின் ‘மேலும் கருவிகள்’ மெனுவில் உள்ள பணி மேலாளரே போதும். பல நேரங்களில் குற்றவாளி உலாவியாக இருக்காது, மூலையில் திறந்தே கிடக்கும் ஏதோ ஒரு வீடியோ தளமாக இருக்கும்.

வீடியோதான் இந்தப் பழைய சில்லுகளின் பலவீனம். தைப்பூசத்தன்று பத்துமலை நேரலையைக் கடையில் ஓடவிட்டால், யூடியூப் அனுப்பும் விபி9 வடிவத்தை அவிழ்ப்பதிலேயே கோர் 2 டுவோ திணறிப்போகும். எச்264இஃபை என்ற நீட்சி, எச்.264 வடிவத்தைக் கேட்டு வாங்குகிறது. அது இந்தச் சில்லுக்கு இலகு. அதற்கும் மேலாக, முகவரியை எம்பிவி என்ற வீடியோ இயக்கிக்குக் கொடுத்துவிடலாம். வீடியோவை இணையத்திலிருந்து எடுத்துத் தரும் ஒய்டி-டிஎல்பி உடனிருந்தால் உலாவியே திறக்காமல் காவடி தெரியும்.

இத்தனையும் 64 பிட் கணினிகளுக்கு. தோட்டப்புறத்தில் இன்னும் சில வீடுகளில் 32 பிட் லினக்சே ஓடுகிறது. கூகுள் குரோம் 2016லேயே 32 பிட் லினக்சைக் கைவிட்டது. ஃபயர்ஃபாக்சில் 144ஆம் பதிப்போடு முடிந்தது, இஎஸ்ஆர் 140க்கு மட்டும் குறைந்தது 2026 செப்டம்பர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் உண்டு என்று மொசில்லா அறிவித்திருக்கிறது. அப்படிப்பட்ட கணினி வைத்திருப்பவர்கள் உலாவி தேடும் முன், சில்லு 64 பிட்டைத் தாங்குமா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். கோர் 2 டுவோ தாங்கும். அதில் யாரோ 32 பிட் நிறுவிவைத்துப் போயிருந்தால், இயங்குதளத்தை மாற்றுவதே முதல் வேலை.