பிட்புல்லுக்குக் கட்டளைப் பயிற்சி என்று 38,000 ரூபாய் வாங்கினார்கள். கழுத்துப் புண்ணோடு திருப்பி அனுப்பினார்கள்

நாய்ப் பயிற்சிக்கு ஆள் தேடிக்கொண்டிருப்பவர்கள், குறிப்பாகப் பிட்புல் வளர்ப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன்பு படிக்க வேண்டும் என்பதற்காக, கோபம் அடங்குவதற்குள்ளேயே இதை எழுதுகிறேன். வீட்டு வேலைகளுக்கும் சேவைகளுக்கும் ஆள் பிடித்துத் தரும் ஒரு கைபேசிச் செயலியின் மூலம் வந்த பயிற்சியாளரிடம் 38,000 ரூபாயையும் எங்கள் தேனுவையும் ஒப்படைத்தோம். பணம் போய்விட்டது. தேனு என்ன நிலையில் திரும்பி வந்தாள் என்பதைக் கீழே சொல்கிறேன். பயிற்சியாளரை எப்படித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதையும் கடைசியில் எழுதுகிறேன்.

தேனு உரிமம் பெற்ற, தடுப்பூசிகள் எல்லாம் போடப்பட்ட, இரண்டு வயதுப் பெண் பிட்புல். 2025 டிசம்பரில் சென்னை மாநகராட்சி பிட்புல், ராட்வைலர் ஆகிய இரண்டு இனங்களுக்கும் புதிய உரிமம் வழங்குவதை நிறுத்தியதோடு, ஏற்கெனவே உரிமம் உள்ள நாய்களை வெளியே அழைத்துச் செல்லும்போது கயிறும் வாய்மூடியும் கட்டாயம் என்று அறிவித்த பிறகு, எங்கள் குடியிருப்பில் அவளைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. மக்களின் அச்சத்தை நான் குறை சொல்லவில்லை. 2024 மே மாதத்தில் நுங்கம்பாக்கம் பூங்காவில் ராட்வைலர்கள் ஒரு சிறுமியைக் கடித்துக் குதறியதை இந்த ஊரில் யாரும் மறக்கவில்லை. அதனால்தான், கூப்பிட்டால் வரவும், உட்காரச் சொன்னால் உட்காரவும், கீழே கிடப்பதை விடச் சொன்னால் விடவும், வாய்மூடியை முரண்டு பிடிக்காமல் மாட்டிக்கொள்ளவும் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைத்தோம். நாங்கள் கேட்டது சர்க்கஸ் வித்தை அல்ல. நான்கே நான்கு அடிப்படைக் கட்டளைகள்.

செயலியில் அந்த ஆளின் பக்கத்தில் காவல்துறை மோப்ப நாய்ப் பிரிவில் பணியாற்றியவர் என்று எழுதியிருந்தது. சரிபார்க்கப்பட்டவர் என்ற பச்சைக் குறியும் இருந்தது. முதல் நாள் அவர் வீட்டுக்கு வந்து செய்து காட்டியதை இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது, ஏனென்றால் அது அத்தனை சரியாக இருந்தது. வேகவைத்த கோழித் துண்டு ஒன்றைத் தேனுவின் மூக்கருகே பிடித்து, அப்படியே மெதுவாகத் தலைக்கு மேலாகப் பின்பக்கம் கொண்டுபோனார். மூக்கு மேலே போகப் போக இடுப்பு தானாகத் தரையில் இறங்கியது. இடுப்பு தரையைத் தொட்ட அந்த நொடியில் ‘யெஸ்’ என்று சொல்லித் துண்டைக் கொடுத்தார். கயிற்றை இழுக்கவில்லை, முதுகை அழுத்தவில்லை, குரலை உயர்த்தவில்லை. நாலைந்து முறை செய்ததும் கையில் துண்டு இல்லாமலே, கை அசைவைப் பார்த்தே உட்கார்ந்தாள். ‘பிட்புல்லை அடிச்சு வழிக்குக் கொண்டு வர முடியாது சார், அன்பாத்தான் கொண்டு வரணும்’ என்றார். என் அம்மா உள்ளே போய் அவருக்குக் காப்பி போட்டுக் கொண்டு வந்தார். அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் 38,000 ரூபாய் கொடுத்தோம்.

தங்கள் இடத்திலேயே ஒரு மாதம் தங்கவைத்துப் பயிற்சி தருவதாகவும், இடையில் உரிமையாளர் வந்தால் நாயின் கவனம் சிதறும் என்பதால் பார்க்க வரக் கூடாது என்றும், முழுத் தொகையையும் முன்பணமாகச் செயலியிலேயே கட்ட வேண்டும் என்றும் சொன்னார். வாரம் ஒரு வீடியோ வந்தது. ஒவ்வொன்றிலும் தேனு சொன்னவுடன் உட்கார்ந்தாள், சொன்னவுடன் படுத்தாள். ஒவ்வொன்றிலும் அவள் கழுத்தில் அழகுக்காகக் கட்டியதுபோல ஒரு சிவப்புத் துணி இருந்தது. ஒவ்வொன்றிலும் அந்த ஆளின் இடது கை கால்சட்டைப் பைக்குள்ளேயே இருந்தது.

வீட்டுக்கு வந்த அன்று ‘சிட்’ என்றேன். அவள் உட்காரவில்லை. வயிறு தரையோடு ஒட்டப் படுத்து, காதுகளைப் பின்னால் மடக்கி, உதட்டை நக்கிக்கொண்டே இருந்த இடத்தில் சிறுநீர் கழித்தாள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் கட்டிலுக்கு அடியில் போனாள். எங்கள் மின்தூக்கியில் கதவு மூடுவதற்கு முன்பு ‘பீப்’ என்று ஓர் ஒலி எழும். அதைக் கேட்டதும் உடம்பு முழுவதும் உதறியது. சிவப்புத் துணியை அவிழ்த்து மயிரை விலக்கிப் பார்த்தோம். கழுத்தின் கீழ்ப்புறத்தில், இரண்டு விரல் இடைவெளியில், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வட்டப் புண்கள். நடுவில் கறுத்து, ஓரம் சிவந்து, ஒன்றில் சீழ் வைத்திருந்தது.

மின் அதிர்ச்சி தரும் கழுத்துப்பட்டையின் இரண்டு முனைகள் நாள்கணக்கில் கழற்றப்படாமல் ஒரே இடத்தில் அழுத்தினால் தோல் இப்படித்தான் செத்துப் புண்ணாகும் என்று எங்கள் கால்நடை மருத்துவர் பார்த்தவுடன் சொன்னார். அந்தப் பட்டைகளில் முதலில் ஒலி எழும், கீழ்ப்படியாவிட்டால் அதிர்ச்சி பாயும். அதனால்தான் மின்தூக்கியின் ஒலிக்கே நடுங்குகிறாள். வேல்ஸ் நாட்டில் இந்தப் பட்டைகளை 2010-லேயே தடை செய்துவிட்டார்கள். மருத்துவர் சொன்ன இன்னொன்று அதைவிடக் கவலை தந்தது. வலி வரும்போது நாய் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறதோ அதோடுதான் வலியை முடிச்சுப் போட்டுக்கொள்ளும். எதிரே இன்னொரு நாயோ ஒரு குழந்தையோ நின்றிருந்தால், அடுத்த முறை அந்தக் குழந்தையைக் கண்டாலே அது மிரளும். உறுமினால் அதிர்ச்சி கொடுத்துப் பழக்கினால் உறுமுவதை நிறுத்திவிடும், ஆனால் பயம் உள்ளேயே இருக்கும். பிறகு எச்சரிக்கை ஏதும் இல்லாமல் நேரடியாகக் கடிக்கும். அக்கம்பக்கத்தார் அஞ்சாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே 38,000 ரூபாய் கட்டினோம். அவர்கள் அஞ்சுவதற்கு உண்மையிலேயே காரணம் இருக்கும்படியான ஒரு நாயை அந்த ஆள் செய்து கொடுத்திருக்கிறார்.

தொலைபேசியில் அழைத்தேன். ‘இடம் மாறினா நாய் கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும் சார்’ என்றார். புண்ணைப் பற்றிக் கேட்டதும் உண்ணி கடித்திருக்கும் என்றார். பட்டையைப் பற்றிக் கேட்டதும், ‘பிட்புல்லுக்கு வலியே தெரியாது சார், லேசாத்தான் வச்சோம்’ என்றார். வலி தெரியாத நாய் என்று ஓர் இனமே கிடையாது. பிடித்ததை விடாத பிடிவாதம் இந்த இனத்தில் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்டது உண்மை. ஆனால் பிடிவாதம் வேறு, வலி வேறு. இந்த வித்தியாசம் தெரியாத ஒருவர் பிட்புல் பயிற்சியாளர் என்று பலகை மாட்டியிருக்கிறார். மறுநாள் அழைத்தபோது அலுவலகத்தில் பேசச் சொன்னார். அலுவலகத்தில் இருந்த பெண், ‘மாஸ்டர் வெளியூர் போயிருக்கார், வந்ததும் பேசச் சொல்றேன்’ என்றார். அதற்குப் பிறகு நான் அனுப்பும் வாட்ஸாப் செய்திகளுக்கு ஒற்றை டிக்தான் விழுகிறது.

செயலி நிறுவனத்தின் பதில் இதைவிடக் கேவலம். தாங்கள் இரு தரப்பையும் இணைக்கும் தளம் மட்டுமே என்றும், சேவையின் தரத்துக்குச் சேவை தருபவரே பொறுப்பு என்றும் ஒரே பத்தியை வெவ்வேறு பெயர்களில் திரும்பத் திரும்ப அனுப்பினார்கள். சரிபார்க்கப்பட்டவர் என்ற பச்சைக் குறிக்கு என்ன பொருள் என்று கேட்டேன். ஆதார் அட்டையைச் சரிபார்த்ததாகப் பதில் வந்தது. மோப்ப நாய்ப் பிரிவில் பணியாற்றியதை யாரும் சரிபார்க்கவில்லை. ரசீதை எடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். 38,000 ரூபாய்க்கான அந்த ரசீதில் ‘தங்குமிடக் கட்டணம்’ என்று மட்டுமே அச்சாகியிருக்கிறது; பயிற்சி என்ற சொல்லே இல்லை. ஒரு மாதம் நாய் தங்கியது, ஆகவே சேவை நிறைவேறியது என்று எழுதிப் புகாரை மூடிவிட்டார்கள். பயிற்சிக்கு என்று செயலியில் தேர்ந்தெடுத்த பக்கத்தின் படம் என்னிடம் இருக்கிறது. அதை அனுப்பியதற்குப் பதிலே இல்லை.

2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, இத்தகைய தளங்கள் குறைதீர் அலுவலர் ஒருவரை நியமித்து, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். அந்த அலுவலரின் பெயர் செயலியில் எந்த மூலையில் இருக்கிறது என்று தேடுவதற்கே ஒரு மாலை போய்விட்டது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்கு அங்கே கட்டணம் இல்லை. விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழும் புகார் கொடுக்கிறேன், ஆனால் 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கான அதிகபட்ச அபராதம் 50 ரூபாய் என்று படித்தபோது தாளைக் கசக்கி எறியத் தோன்றியது. அவர் எங்களிடம் வாங்கியது 38,000 ரூபாய்.

தேர்ந்தெடுக்கும் முறையை விரிவாக எழுதுவதாகச் சொன்னேன். மனம் அதற்கு ஒத்துழைக்கவில்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். நாயை விட்டுவிட்டுப் போகச் சொல்பவரிடம் விடாதீர்கள். உங்கள் வீட்டில், உங்கள் கண் எதிரில், கயிறு உங்கள் கையில் இருக்கும்படி கற்றுத் தருபவரை மட்டும் வரவழையுங்கள். வேறோர் இடத்தில் படித்த கட்டளையை நாய் வீட்டில் மறுபடி முதலிலிருந்துதான் கற்க வேண்டியிருக்கும், ஆகையால் தங்கவைத்துப் பயிற்சி என்பதில் உங்களுக்குப் பெரிய லாபமும் இல்லை. எந்தப் பட்டையைப் பயன்படுத்துவார் என்பதை எழுத்தில் வாங்குங்கள். வீடியோ வந்தால் நாய் உட்கார்ந்ததா என்று பார்க்காதீர்கள், வாலும் காதும் எப்படி இருக்கின்றன என்று பாருங்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டாதீர்கள்.

இதேபோல இப்போது யாராவது நாயை விட்டுவைத்திருந்தால், நாளைக் காலையிலேயே முன்னறிவிப்பு இல்லாமல் போய்க் கழுத்தைத் தடவிப் பாருங்கள். ரசீதில் என்ன பெயரில் பணம் வாங்கியிருக்கிறார்கள் என்பதை இன்றிரவே எடுத்துப் பாருங்கள்.